விரதம் வேலியா, சுவரா?

கல்வியின் பொருட்டு அயல்நாடு செல்லும் நம் பிள்ளைகளின் தொகை பெருகி வருகின்றது. அவர்களை வழியனுப்பும் பெரியோராகிய நாம், "புலால் உண்ணாதே, மது அருந்தாதே, இரவில் உண்ணாதே" என்று உறுதிமொழி பெற்றே அனுப்புகின்றோம். அவ்வாறு உறுதி கேட்க நமக்கு உரிமை உண்டா? கொடுத்த உறுதியைப் பிள்ளைகள் எதுவரை காக்கக் கடமைப்பட்டவர்கள்? இவ்வினாக்களை என்னுள் எழுப்பியது, என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதிய கடிதம் ஒன்று.

தென்காசியை அடுத்த எங்கள் குத்துக்கல்வலசையில், குற்றால மலையின் சாரல் காற்றில் வளர்ந்தவள் அவள். இன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் கற்கின்றாள். அதுவும் ஆரவாரமற்ற ஊர்தான். ஆயினும் எம் ஊரின் அமைதி அறிந்தவர் நடுவே அமைந்த அமைதி. அவ்வூரின் அமைதியோ அறியாதவர் நடுவே அமைந்தது. அவள் எழுதியதன் சுருக்கம் இது:

"பாட்டி, இங்கே ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பின்னரே ஞாயிறு மறைகின்றது. அப்போது விரதம் எளிது. டிசம்பரிலோ மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடுகின்றது. கல்லூரி உணவுக் கூடத்தில் அனைவரும் கூடி உண்பது இரவு ஏழு மணிக்கு. அங்கேதான் ஒருவரையொருவர் அறிந்து நண்பராகின்றனர். நான் அறையில் தனியே இருக்கின்றேன். சென்ற ஞாயிறன்று ஒருவரிடமும் ஒரு சொல்லும் பேசவில்லை. விளக்கில் பூச்சி விழும் என்றுதானே முன்னோர் இரவுணவை விலக்கினர்? இங்கே மின்விளக்கு எரிகின்றது. பனிக்காலத்தில் பூச்சியைக் காண்பதே அரிது. நான் காப்பது அறத்தையா, உங்களுக்குக் கொடுத்த சொல்லை மட்டுமா?"

வினவும் மாணவரைச் சினவாதே என்பது ஆசிரியப் பயிற்சியில் நான் கற்ற முதற்பாடம். ஆயினும் விடை எழுத எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

கற்றற்பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லுதல் நம் மரபுக்குப் புதிதன்று. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள கழுகுமலையில், 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த தீர்த்தங்கரர் உருவங்களின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஆசிரியர், மாணாக்கர் பெயர்களோடு, குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றில் காணப்படுகின்றன. குமரிப் பகுதியிலுள்ள திருச்சாரணத்து மலையைச் சார்ந்தோரும் அவர்களுள் உண்டு. அவர்கள் சென்ற இடத்தில் அறம் கேட்கும் கூட்டம் இருந்தது. என் பேத்திக்கு அது வாய்க்கவில்லை.

அவள் வாழும் நகரில் அவளுக்கு முன்னரே ஒரு தமிழர் இத்துன்பத்தை நுகர்ந்தார். கணிதமேதை இராமானுஜன் 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறி, கேம்பிரிட்ஜின் டிரினிடி கல்லூரியை அடைந்தார். மரக்கறி உணவில் உறுதியுடைய அவர், தம் அறையிலேயே தனித்துச் சமைத்து உண்டார். அவ்வாண்டே உலகப்போர் மூண்டது. வேண்டிய பொருள்கள் அரியவாயின. ஒருமுறை நண்பர் சிலரை அழைத்துத் தம் கையால் விருந்திட்டபோது, "இனி வேண்டா" என்று விருந்தினர் மறுத்ததைத் தாங்கமாட்டாமல் வெளியேறிச் சில நாள் வேற்றூரில் இருந்தார் என அவர் வரலாறு எழுதியோர் குறிப்பர். 1917இல் நோயுற்றார், 1919இல் தாயகம் திரும்பினார், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் தம் 32ஆம் வயதில் மறைந்தார். உணவொழுக்கமே அவர் உயிரைக் குடித்தது என்று எளிதாகக் கூறுவோர் உண்டு. ஆனால் அவருடைய நோய்க் குறிப்புகளை ஆராய்ந்த யங் என்பார், ஈரலைத் தாக்கும் அமீபா நோயே காரணமாகலாம் என்று 1994இல் கருத்துரைத்தார். ஆகலின் விரதத்தின்மீது அப்பழியைச் சுமத்துதல் தகாது. எனினும், ஒரு கிண்ணச் சாற்றை மறுத்ததற்கே உடைந்துபோகும் அளவிற்கு அவர் உள்ளம் தோழமைக்கு ஏங்கியிருந்தது என்பதை நாம் மறத்தலும் தகாது.

மற்றொரு மாணவர் மோகன்தாஸ் காந்தி. 1888இல் இலண்டன் செல்லுமுன் அவர் அன்னையாரின் அச்சத்தை நீக்கியவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. அவர் முன்னிலையில் மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்று இளைஞர் உறுதி பூண்டார். உறுதி பூண்டாரேயன்றி, அதன் காரணத்தில் அப்போது அவருக்கு நம்பிக்கை இல்லை. இந்தியர் அனைவரும் புலால் உண்ண வேண்டும் என்றே எண்ணியிருந்தார். இலண்டனில் வயிறு நிறையாமல் தெருத்தெருவாக நடந்தபோது, பாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டார். அங்கு விற்ற சால்ட் என்பாரின் நூலை வாங்கிப் படித்தார். அந்நாள் முதல், கொடுத்த சொல்லுக்காக மட்டுமன்றித் தம் விருப்பத்தாலும் புலால் மறுத்தவரானார். மரக்கறியாளர் சங்கத்தில் சேர்ந்து நண்பர் பலரையும் பெற்றார்.

அவர் வாழ்வில் வேறொரு நுட்பமும் உண்டு. முட்டை புலாலாகாது என்று சிலர் கூற, அவரும் சிலகாலம் உண்டார். பின்னர், உறுதியை வாங்கிய அன்னையார் புலால் என்னும் சொல்லுக்கு என்ன பொருள் கொண்டிருந்தாரோ அதுவே தம்மைக் கட்டுப்படுத்தும் என்றுணர்ந்து முட்டையை விட்டார். விரதத்தின் பொருளைத் தளர்த்தினால் பயன்பெறுபவரே அப்பொருளைத் தீர்மானித்தல் கூடாது என்பது இதனால் விளங்கும்.

இவ்விடத்தில்தான் என் பிழை எனக்குத் தெரிந்தது. பொருளை வகுக்கும் உரிமை உறுதி வாங்கியவருடையது எனின், காரணத்தை விளக்கும் கடமையும் அவருடையதே அன்றோ? நான் சொல்லை வாங்கினேன்; காரணத்தைக் கொடுக்கவில்லை. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் மூன்றாவதை மட்டும் அவள் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டேன்.

ஆகவே அவளுக்கு இவ்வாறு எழுதினேன்: "மின்விளக்கு வந்தபின் பூச்சி விழும் என்னும் காரணத்தின் வலிமை குறைந்ததை நான் மறுக்கவில்லை. ஆயினும் அஃது ஒன்றே காரணமன்று. நாவின் விருப்பத்திற்கு ஒவ்வொரு நாளும் ஓர் எல்லை வகுத்து, 'இன்றைக்கு இது போதும்' என்று நிறுத்தப் பழகுவதும் அவ்விரதத்தின் பயன். நம் நூல்கள் உறுதியை இருவகையாகப் பிரிக்கும். வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது யமம்; காலவரையறையோடு கொள்வது நியமம். எதுவென்று சொல்லாமலே உன்னிடம் நான் யமத்தை வாங்கிவிட்டேன். இரவுண்ணாமையைப் பொறுத்தவரை என் சொல்லிலிருந்து உன்னை விடுவிக்கின்றேன். வாரத்தில் எத்தனை நாள், எந்தப் பருவத்தில் என்பதை இனி நீயே அளந்து, தாங்கக்கூடியதைக் கொள். கொண்டபின் குறையாதே. தவறினால் மறைக்காமல் உணர்ந்து வருந்தி மீண்டும் தொடங்கு. கொல்லாமையோ நான் தந்ததன்று. ஆதலின் அதிலிருந்து விடுவிக்க எனக்கு உரிமையில்லை. பாலடைக்கட்டியில் கன்றின் இரைப்பைச் சத்தும், மிட்டாயில் விலங்கின் எலும்பு, தோல்களிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் கலந்திருத்தல் கூடும். உறையின் மேலுள்ளதைப் படித்து வாங்கு. எந்த நாளிலும் அறைக்குள் ஒளியாதே. விரதம் உன் வாய்க்கேயன்றி உன் செவிக்கு அன்று. உண்ணாத நாளிலும் கூடத்தில் சென்று அமர்."

விரதம் பயிரைக் காக்கும் வேலியாக இருத்தல் வேண்டும். வேலிக்கு வாயில் உண்டு. அதன் வழியே அண்டை வீட்டார் வந்து போவர். வாயிலற்ற சுவர் பயிரையும் காக்கும். ஆனால் உள்ளிருப்பவரைச் சிறைப்படுத்திவிடும்.

ஒரு திங்கள் கழித்து அவள் மறுமொழி வந்தது. இப்பொழுது கூடத்திற்குச் செல்கின்றாளாம். அருகில் அமர்ந்த பெண் இரவுண்ணாமையைப் பற்றி வினவ, அரைமணி நேரம் விளக்கினாளாம். "அவளுக்குச் சொல்லும்போதுதான் பாட்டி, எனக்கே முதன்முறையாகச் சொல்லிக்கொண்டேன்" என்று எழுதியிருந்தாள்.

அன்றிரவு அவள் உண்டாளா இல்லையா என்பதை அவள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

வாழ்க அறம்! வளர்க கொல்லாமை!