உளநோயும் உயிர்விடும் வேட்கையும்

தீராப் பிணியால் வருந்தும் ஒருவர் தமக்கு இறப்பினை அளிக்குமாறு வேண்டின், மருத்துவர் அதற்கு உடன்படுதல் அறமாமோ என்பது மேனாட்டார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாக்களுள் ஒன்று. அவ்வினா இப்பொழுது மேலும் ஒருபடி சென்று, உடம்பின்கண் நோயின்றி உள்ளத்தின்கண் மட்டும் நோயுடையார் அங்ஙனம் வேண்டின் யாது செய்வது என்னும் நிலையை அடைந்திருக்கின்றது. உயிரின் இயல்பும், அது கருவிகளோடு கூடி அறியும் முறையும் ஆராய்தல் சித்தாந்த நூல்களின் பணியாகலின், இவ்வினா நமக்குப் புறம்பானதென்று ஒதுக்கத்தக்கதன்று. ஆதலின் இதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றேம்.

முதற்கண் நிகழ்ந்தவற்றை உள்ளவாறு அறிதல் வேண்டும். நெதர்லாந்து தேசத்தில் ஷாபோ என்னும் உளநோய் மருத்துவர், 1991-ஆம் ஆண்டில், ஐம்பது வயதுடைய ஒரு மாது இறத்தற்குத் துணை புரிந்தார். அவ்வம்மையார்க்கு உடற்பிணி இல்லை. அவருடைய மணவாழ்க்கை முன்னரே முறிந்தது. மூத்த மகன் சில ஆண்டுகட்கு முன்பு தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். இளைய மகன் அவ்வாண்டிலேயே புற்றுநோயால் இறந்தான். மக்கள் இருவர்க்கும் இடையே தாமும் அடக்கம் பெறுதல் ஒன்றையே அவர் விழைந்தார். துயர் தணிக்கும் மருத்துவத்தை ஏற்க உடன்பட்டிலர். இளைய மகன் இறந்து ஐந்து திங்கள் நிரம்புமுன் அவரும் இறந்தார். வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பொறுக்கலாற்றாத துன்பம் உடல்நோயினின்றே தோன்றியிருத்தல் வேண்டும் என்னும் நியதியில்லையென 1994-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், பிறிதொரு மருத்துவர் அம்மாதினை நேரிற்கண்டு ஆராயாமையின் ஷாபோ குற்றமுடையரே என்றும் கூறி, தண்டனை மட்டும் விதியாது விடுத்தது.

பின்னர் 2002-இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் இதற்கெனச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. வேண்டுகோள் தன்விருப்பாலும் நன்காராய்ந்தும் எழுந்ததாதல் வேண்டும். துன்பம் பொறுத்தற்கரியதும் நீங்கும் வாயில் இல்லாததுமாதல் வேண்டும். வேறொரு மருத்துவரும் நோயாளரை ஆராய்தல் வேண்டும் என்பன நெதர்லாந்துச் சட்டத்தின் நிபந்தனைகளுட் சில. அந்நாட்டில் உளநோய் காரணமாக இம்முறையில் இறந்தோர் 2010-இல் இருவரே. 2024-இல் 219 பேர். கானடா தேசம் உளநோய் ஒன்றே உடையார்க்கும் இவ்வுரிமையை நல்கக் கருதி, பின்னர்த் தயங்கி, மருத்துவ ஏற்பாடுகள் ஆயத்தமாகவில்லையென ஒருமுறைக்கு இருமுறை நாட்குறித்து ஒத்திவைத்து, 2024-இல் அதனை 2027 மார்ச் 17 வரை தள்ளிவைத்தது.

இனி, உடன்படுதல் அறமே என்பார் கூற்றினைக் கேட்போம். உடலின் துன்பத்தை மெய்யென்றும் உள்ளத்தின் துன்பத்தைப் பொய்யென்றும் கொள்ளுதல் நடுவுநிலைமையன்று என்பர். உளநோயுடையார் அனைவரும் அறிவு பிறழ்ந்தவரல்லர். தம் நிலம் மனை பற்றித் தெளிவுற முடிவு செய்வார், தம் உயிரைப் பற்றி மட்டும் முடிவு செய்யலாகாரோ என வினவுவர். நாம் மறுப்பின், அவர் யாருமறியாது தனிமையிற் கொடிய முறையில் உயிர்விடுவர்; அதனினும் சுற்றத்தார் சூழ அமைதியாக இறத்தல் நன்றன்றோ என்றும் கூறுவர். இக்கூற்றுக்கள் எள்ளி நகைக்கத்தக்கன அல்ல. உளநோயின் துன்பம் உடல்நோயின் துன்பத்திற் சிறிதும் குறைந்ததன்று என்பதை யாமும் உடன்படுகின்றேம்.

இவர்க்கு விடை கூறப் புகுவார் நம்மவருட் சிலர், 'வினைப்பயன் நுகர்ந்தே கழிக்கற்பாலது. ஆதலின் துன்புறுவார் துன்புறுக' என்று கூறி அமைவர். அஃது அற்றன்று. வினைப்பயனாதல் பற்றித் துன்பத்தை நீக்க முயலலாகாது எனின், வயிற்றுநோய்க்கு மருந்துண்டலும், பசித்தார்க்குச் சோறிடலும் ஆகாவென்று முடியும். பிறர்வினையை அவர்மேற் சாற்றித் தாம் விலகிநிற்றல் சித்தாந்தமாகாது. இரக்கமின்மைக்குச் சித்தாந்தத்தின் போர்வையை இடுதலேயாம்.

அற்றேல், உடன்படாமைக்குக் காரணம் யாதோ எனின், கூறுதும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது என்பது நம் நூற்றுணிபு. படிகம் தன்னையடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறம்போற் காட்டுமாறு, உயிரும் தான் சார்ந்த கருவியின் நிலையைத் தன்னிலையாகவே கொள்ளும். காலில் நோயுற்றான், அந்நோயினை நோயுறாத உள்ளத்தால் அளந்து கூறுகின்றான். உள்ளச்சோர்வு நோயுற்றானுக்கோ, அளக்கும் கோலே நோயுற்றது. அவன் எண்ணும் முறை பிழையாதிருக்கலாம். கணக்கும் வழக்கும் முன்போலவே அறியலாம். ஆயினும், 'இனி எனக்கு நன்மையில்லை; யான் பிறர்க்குச் சுமை' என்னும் முதற்கோளினை அவனுக்கு அளிப்பது அந்நோயே. நிலத்தைப் பற்றிய முடிவினை அந்நோய் தீண்டாது விடினும் விடும். இருத்தலைப் பற்றிய முடிவினையோ அது முதற்கண்ணே தீண்டுகின்றது. நிலத்தை விற்றான் பின்னர் மீட்டலும் கூடும். உடம்பினை விட்டான் அவ்வுடம்பினை மீட்டல் ஒருவாற்றானும் இல்லை.

நோய் நீங்கும் வாயில் இல்லையென்று துணிதலும் ஈண்டு அரிது. புற்றுநோய் எவ்வளவு பரந்ததென்பதை மருத்துவர் கருவிகளாற் கண்டறிவர். உள்ளச்சோர்வு இவ்வொருவரை விட்டு நீங்குமோ நீங்காதோ என்பதை அங்ஙனம் காட்டும் கருவி இல்லை. பல்லாண்டு வருந்தியும் பின்னர்த் தேறினார் உளர், தேறாதாரும் உளர். இவருள் இவர் எவ்வகையினர் என முற்கூட்டி வரையறுத்தல் எளிதன்று என்பதை உளநோய் மருத்துவருட் பலரும் கூறுவர்.

மற்றுமொன்று கருதற்பாலது. 'யான் இறக்கவோ' என்று ஒருவர் நம்மைக் கேட்கும்பொழுது, அதனுள்ளே 'யான் இருத்தல் உமக்கு வேண்டுமோ' என்னும் வினாவும் பல்காற் கரந்து நிற்கும். உடன்பட்டார், வெளிவினாவிற்கு விடை கூறுபவராய், உள்வினாவிற்கு 'வேண்டா' என்று விடை கூறிவிடுகின்றனர்.

திருத்தொண்டர் புராணம் கூறும் திலகவதியார் வரலாற்றினை அன்பர்கள் நினைவுகூர்வார்களாக. தந்தையார் இறந்தார், தாயார் அவரைத் தொடர்ந்தார், மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் வீழ்ந்தார். அம்மையார் உயிர்விடத் துணிந்தார். அவர் அறிவிற் பிறழ்ந்தாரல்லர். அவர் கூறிய காரணமும் அக்கால வழக்கிற்கு ஒத்ததே. அப்பொழுது சிறுவராயிருந்த தம்பியார் மருணீக்கியார் செய்தது யாது? அம்மையாரோடு வாதிட்டிலர், இறத்தல் பாவமென்று எடுத்துரைத்திலர். அடிகளில் வீழ்ந்து, அவர் இல்லையாயின் தாமும் முன்னரே இறப்பதாகக் கூறி அழுதார். அம்மையார் தம்பிக்காக உயிர் தாங்கினார். பின்னாளில் அத்தம்பியே சூலைநோயால் துடித்துத் திருவதிகைக்கு ஓடிவந்தபொழுது, அவரை ஏற்று ஆளுடைய பிரானிடம் கொண்டு செலுத்தியவர் அத்தமக்கையாரே. இப்பயனை அன்று அறிந்தார் ஒருவருமில்லை. அம்மையாரும் அறியார், தம்பியாரும் அறியார். துயரின் நடுவில் நிற்பார்க்கு நாளை தோன்றாது. அவர்க்கு வேண்டுவது உடனிருக்கும் ஒருவரே.

'அம்மையார்க்குத் தம்பி ஒருவர் இருந்தார்; நெதர்லாந்து மாதிற்கு மக்கள் இருவரும் இறந்தனரே' எனின், நன்று கேட்டீர்; வினாவின் நடுவண் இப்பொழுதுதான் வந்தோம். தம்பியில்லாதார்க்குத் தம்பியாவார் யார்? 'இறக்கற்க' என்று ஒருவரைத் தடுப்பார், அச்சொல்லாலேயே ஒரு கடனையும் தம்மேல் ஏற்கின்றனர். அக்கடனை இறுக்காது தடுத்தல் மட்டும் செய்வார், துன்புறுவாரைத் துன்பத்தினுள்ளே வைத்துப் பூட்டுபவரேயாவர்.

இந்நோக்கிற் பார்ப்பின் மேனாட்டாரைக் குறைகூறும் தகுதி நமக்கு எத்துணை உண்டென்பது ஐயமே. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பற்றியபொழுது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையின் தப்பியோட மாட்டாது மாண்ட உளநோயாளர் தொகை 28. அவர்க்கு இறப்பளிக்க ஒருவரும் சட்டம் வகுத்திலர்; வாழ்வளிக்கவும் ஒருவரும் முன்வந்திலர். 2017-இல் இந்திய நாட்டில் இயற்றப்பெற்ற உளநலச் சட்டம் சங்கிலியிடுதலை விலக்கி, உயிர்விட முயன்றாரைத் தண்டியாது பேணுதல் அரசின் கடனென்று கூறுகின்றது. நன்றே. ஆயினும், பேணுதல் ஏட்டளவில் நிகழ்வதன்று. திருக்கோயில் மண்டபங்களிலே தம்முட் பேசிக்கொண்டு கிடப்பாரை நாம் நாடோறும் கடந்து செல்கின்றோம். அவருட் சிலர்க்கு உணவும் மருந்தும், பெயர்சொல்லி அழைக்கும் ஓர் ஆளும் கிடைக்குமாறு செய்தல், மடங்களின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.

பல்லாண்டு மருத்துவம் பெற்றும், அன்பர் சூழ்ந்திருந்தும், துன்பம் குறையாதார் சிலர் உளர் என்பதை யாம் மறைக்கின்றேமில்லை. அவர் வேண்டுகோளைக் கேட்டு நெஞ்சு நடுங்காதார் அதனைப் பற்றிப் பேசத் தகுதியுடையரல்லர். அவரைப் பழித்தலும், இரக்கத்தால் அவர்க்கு உடன்பட்ட மருத்துவரைக் கொலைஞரென்று தூற்றுதலும் ஆகா. ஆயினும், நோயின் வாயிலாக எழுந்த சொல்லிற்கு நலமுடையார் கை துணையாதல் அறமன்று என்பதே எமது துணிபு. அக்கை செய்யற்பாலது ஒன்றுண்டு. துயருற்றார் கையைப் பற்றிக்கொண்டு, விடாது உடனிருத்தல். அங்ஙனம் இருப்பார் மிகுதிப்படுங்கால், இறக்க வேண்டுவார் குறைதலும் கூடும். குறையாவிடினும், நம் கடன் குறைவதின்று. சைவ நன்மக்கள் இதனைச் சிந்திப்பார்களாக.