காலையில் ஒரு ஜெபம், மாலையில் ஒரு குழி

1931 அக்டோபர் 24. ஆண்டவருக்கு ஊழியம் செய்யத் தன்னைத் தகுதியாக்குவது எதுவானாலும் அதைத் தனக்குச் செய்யும்படி, திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அன்று காலை ஜெபித்தார். மாலையில் பக்கத்து ஊரான களக்காட்டில், மருந்தகத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த வீட்டைப் பார்க்கப் போனார். இருட்டுகிற நேரம். கழிப்பறைக்கான குழியை ஆட்கள் இடம் மாற்றித் தோண்டிவிட்டிருந்தார்கள். அது தெரியாமல் உள்ளே விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது. அப்போது அவருக்கு வயது 63. அதன்பின் ஏறக்குறைய 20 ஆண்டுகள் அறையும் கட்டிலுமே கதி.

அந்த ஜெபத்துக்கு இதுவா பதில்?

இந்தக் கேள்வியைக் கேட்பது அவிசுவாசம் ஆகாது. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே இந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று கேட்டார். ஒரு தடவை கேட்டு முடித்துக்கொள்ளவில்லை. மூன்று தடவை போய் ஜெபித்தார் என்கிறது மத்தேயு சுவிசேஷம். மனதில் இருந்ததை ஒளிக்காமல் பிதாவிடம் கொட்டிய பிறகுதான் 'உம்முடைய சித்தம்' என்றார். நாமோ முதல் பாதியை விழுங்கிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

கேட்டது கிடைக்காமல் போவது ஏமிக்குப் புதிதல்ல. அவர் 1867இல் வட அயர்லாந்தின் மில்லைல் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது தன் பழுப்புக் கண்கள் நீலமாக மாற வேண்டும் என்று ஒரு இரவு ஜெபித்தார். விடிந்ததும் கண்ணாடிக்கு ஓடினார். அதே பழுப்பு! வளர்ந்தபின் சீனாவுக்குப் போக விரும்பினார். உடல்நிலையைக் காட்டி மறுத்துவிட்டார்கள். 1893இல் ஜப்பான் போனார். அங்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1895இல் பெங்களூர் வந்து இறங்கியவர், பிறகு ஒரு தடவைகூடத் தாய்நாடு திரும்பவில்லை.

திருநெல்வேலியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்வதுதான் அவர் விரும்பிய வேலை. அதற்கும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. 1901இல், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் ஓடிவந்தாள். அவளைத் தொடர்ந்து இன்னும் பல பிள்ளைகள். ஊழியத்துக்கு வந்தவர் ஆயாவாக உட்கார்ந்துவிடுவதா என்ற கேள்வி எழுந்தது, அவருக்குள்ளேயே எழுந்தது. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவிய ஆண்டவரை நினைத்தபோது அவருக்கு விடை கிடைத்தது. அப்புறம் பால் காய்ச்சுவதும், புண் கழுவுவதும், ராத்திரி அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவதுமே ஊழியம்.

குழி விஷயத்துக்கு வருவோம். அதைத் தோண்டச் செய்தவர் கடவுள் என்று சொல்ல இக்கட்டுரைக்குத் துணிவில்லை. அது ஆட்களின் தவறு. மனிதர் அசட்டையாகச் செய்வதையெல்லாம் 'தேவ சித்தம்' என்று பூசி மெழுகுவது நம் சபைகளில் பழகிப்போன ஒரு சோம்பல். ஆனால் நேர்ந்ததை ஆண்டவர் கையில் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. ஏமி கொடுத்தார். வலியோடுதான், தூக்கமில்லாத இரவுகளோடுதான்.

படுக்கையில் கிடந்தவருக்கு நோயாளிகளுக்கான பிரசுரங்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை நல்ல உடம்போடு இருப்பவர்கள் எழுதியவை என்பதால் அவர் மனதில் ஒட்டவில்லை. எனவே நோயாளி நோயாளிக்கு எழுதுவதுபோல் தாமே எழுதத் தொடங்கினார். அந்தக் கடிதங்கள் 1933இல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற நூலாயின. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று வசனம் சொல்லப் போகிறவர்கள் அந்தப் பிரசுரங்கள் அவர் மனதில் ஏன் ஒட்டவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

1951 ஜனவரி 18 அன்று டோனாவூரிலேயே இறந்தார். கல்லறைக்கல் வைக்க வேண்டாம் என்பது அவர் விருப்பம். பிள்ளைகள் கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் 'அம்மை' என்ற ஒரு சொல் மட்டும் பொறித்திருக்கிறது.