தூங்குன்னா எப்படித் தூங்கறது?

இரவு பத்தரை மணிக்கு, சென்னையில் ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படியில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு வீட்டிலிருந்தாவது இந்த வசனம் வரும்.

''தூங்கு!''

''தூக்கம் வரலை.''

''கண்ணை மூடு, வரும்.''

''மூடினேன். வரலை.''

''பேசாம படு. நாளைக்கு ஸ்கூல் இருக்கு.''

''அம்மா... தண்ணி!''

தண்ணீர் வரும். அடுத்தது ஒண்ணுக்கு. அதற்கடுத்தது 'இன்னும் ஒரே ஒரு கதை'. எல்லாம் தீர்ந்ததும் கடைசியாக ஒரு பிரம்மாஸ்திரம் கிளம்பும். அது ஒரு கேள்வி. நண்பர் ஒருவரின் ஐந்து வயது மகள் ராத்திரி பதினோரு மணிக்கு அவரைக் கேட்டாள்: ''நான் தூங்கிட்டா, நான் இருக்கேன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?'' நண்பர் வங்கி அதிகாரி. லோன் கேட்டு வருகிறவர்களை ஒரே பார்வையில் எடை போடுகிறவர். அன்றைக்கு அவருக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

இப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோரிடம் பேசிப் பாருங்கள். ''என்ன பண்றது சார், ரொம்ப ஷார்ப். மூளை ஓடிக்கிட்டே இருக்கு. அதான் தூக்கமே வர மாட்டேங்குது'' என்பார்கள். புகார் மாதிரி ஆரம்பித்துப் பெருமையில் முடிகிற வாக்கியம் இது! புத்திசாலிக் குழந்தைக்குத் தூக்கம் கம்மியாகப் போதும் என்று நமக்குள் ஒரு நம்பிக்கை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார். அதிபுத்திசாலிக் குழந்தைகளைத் தேடிப் பிடித்து ஆராய்ந்து, 1925-ல் புத்தகமாகவே வெளியிட்டார். அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகத் தூங்கவில்லை. சொல்லப்போனால், கொஞ்சம் கூடுதலாகவே தூங்கினார்கள். ஆக, மூளை ஓடுகிறது என்பது தூங்காமல் இருப்பதற்கு லைசென்ஸ் அல்ல.

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ நிபுணர்கள் 2016-ல் கணக்குச் சொன்னார்கள். சில குழந்தைகளுக்குச் சற்றுக் கம்மியாகவும் போதும். தானாக எழுந்து நாள் முழுக்க உற்சாகமாக இருந்தால் கவலை வேண்டாம். ஆனால், காலை ஆறு மணிக்கு உலுக்கி எழுப்பவேண்டிய குழந்தை என்றால், எட்டு மணிக்கே தூங்கியிருக்க வேண்டும்.

எட்டு மணிக்கு நம் வீட்டில் என்ன நடக்கிறது? இட்லிப் பானை அடுப்பில் இருக்கிறது. ஹாலில் சீரியலில் யாரோ அழுகிறார்கள். ட்யூப்லைட் பளிச்சென்று எரிகிறது. அப்பா கிண்டியிலோ திருவான்மியூரிலோ சிக்னலில் நிற்கிறார். ஒன்பது மணிக்கு அவர் உள்ளே நுழைந்ததும் குழந்தையைத் தூக்கி ஆகாசத்தில் வீசிப் பிடிக்கிறார். ஒன்பதரைக்குக் கையில் செல்போனைக் கொடுக்கிறார். பத்து மணிக்கு, ''தூங்கச் சொல்லு அவளை'' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கொட்டாவி விடுகிறார். விளையாட்டின் லாபம் அப்பாவுக்கு, ராத்திரி நஷ்டம் அம்மாவுக்கு! நிறைய வீடுகளில் குழந்தையின் தூக்கம் கெடுவதில் இந்தக் கணவன் மனைவி அநியாயத்துக்கும் பங்கு உண்டு.

குழந்தையின் உடம்பும் நமக்குச் சாதகமாக இல்லை. 2018-ல் அமெரிக்காவின் கொலராடோவில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பத்துப் பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். படுக்கப்போவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் நல்ல பிரகாசமான வெளிச்சத்தில் விளையாடவிட்டார்கள். உடம்புக்கு 'இரவு வந்துவிட்டது' என்று தகவல் சொல்கிற மெலடோனின் ஹார்மோன், ஏறத்தாழ 88 சதவிகிதம் குறைந்துபோனது! சின்னக் குழந்தையின் கண் நம்முடையதைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். நமக்குச் சாதாரண ட்யூப்லைட், அதன் உடம்புக்குச் சாயங்கால வெயில்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, உண்மையான கேள்விக்கு வருவோம். ஒரு குழந்தையைப் பார்த்து, 'தூங்கு' என்று கட்டளை போட நமக்கு உரிமை இருக்கிறதா?

சிரிக்காதீர்கள். ஜெர்மானியத் தத்துவ மேதை இம்மானுவல் கான்ட் சொன்ன ஒரு கருத்து உண்டு. ஒருவன் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்று சொல்வதானால், அதை அவனால் செய்ய முடிய வேண்டும். முடியாததைச் செய்யவில்லை என்று யாரையும் குற்றம்சாட்ட முடியாது. (கான்ட் ராத்திரி பத்துக்குப் படுத்து விடியற்காலை ஐந்துக்கு எழுந்துகொள்கிறவர். கல்யாணம் ஆகாதவர் என்பதால் அது சாத்தியமாயிற்று என்பது என் ஊகம்!)

தூக்கம் யாருடைய உத்தரவுக்கும் வருவதில்லை. உங்களுக்கே வராது. ஆபீஸில் மேனேஜர், 'பத்து நிமிடத்தில் நீ சந்தோஷமாக இருக்க வேண்டும்' என்று மெமோ கொடுத்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் நாலு வயதுக் குழந்தையிடம் செய்கிறோம். 'தூக்கம் வரலைன்னா எப்படித் தூங்கறது?' என்று அது கேட்பது வாய்க்கொழுப்பு அல்ல. கான்ட் சொன்னதையேதான் அது மழலையில் சொல்கிறது.

'அப்படியானால் விட்டுவிடலாமா?' என்றால், கூடாது. குழந்தையால் முடிந்தது எதுவோ, அதைக் கட்டாயம் கேட்கலாம். படுப்பது முடியும். விளக்கை அணைத்த பிறகு எழுந்து வராமல் இருப்பது முடியும். மெதுவாகப் பேசுவது முடியும். 'தூங்கு' என்பதற்குப் பதிலாக, 'தூங்க வேண்டாம், சும்மா படுத்துக்கிட்டு இரு' என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் கட்டளை நியாயமாகிவிடும். சண்டை போடக் குழந்தைக்குக் காரணம் குறையும்.

இரண்டாவது விஷயம், இதைவிட முக்கியம். நான் படித்தது பி.காம். முதல் வருஷமே எங்கள் மண்டையில் அடித்து ஏற்றிய பாடம், ஒருவருடைய செலவை இன்னொருவர் கணக்கில் எழுதக்கூடாது என்பது. ராத்திரி பத்து மணிக்கு நாம் அதைத்தான் செய்கிறோம். 'உன் நல்லதுக்குத்தாண்டா சொல்றேன், தூங்கு' என்கிறோம். பாதி உண்மை. மீதிப் பாதி? பாத்திரம் கழுவ வேண்டும். பத்து நிமிடமாவது கணவனும் மனைவியும் குறுக்கீடு இல்லாமல் பேச வேண்டும். முக்கியமாக, நமக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது! இதெல்லாம் நம் செலவு. இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. அதைக் குழந்தையின் கணக்கில் எழுதுவதில்தான் தப்பு.

மந்தமான ஆடிட்டர் என்றால் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். உங்கள் வீட்டில் இருப்பதோ படுசுட்டியான ஆடிட்டர். 'எனக்கு நல்லதுன்னா நீ ஏன் முழிச்சிருக்கே?' என்று ஒரே கேள்வியில் கணக்கைப் பிரித்துப் போட்டுவிடும். பதில் இல்லாதபோது நாம் எடுக்கிற ஆயுதம் பூச்சாண்டி, போலீஸ்காரர், ஊசி போடுகிற டாக்டர். பொய்.

நம் புலவர்கள் இதில் நம்மைவிட நாகரிகமானவர்கள். பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. குழந்தையோடு விளையாட வரச்சொல்லி நிலாவைக் கூப்பிடுவார்கள். சாம, பேத, தான, தண்டம் என்று நான்கு வழியிலும் கூப்பிடுவார்கள். கெஞ்சுவது, ஒப்பிட்டுப் பேசுவது, பரிசு தருவதாகச் சொல்வது, கடைசியில் மிரட்டுவது. மிரட்டல் எல்லாம் நிலாவுக்கு! குழந்தைக்குத் தாலாட்டு மட்டும்தான். நாமோ நான்கையும் குழந்தை மேலேயே பிரயோகிக்கிறோம்.

பூச்சாண்டி வேலை செய்யவில்லையா என்றால், செய்யும். குழந்தை போர்வைக்குள் சுருண்டுகொள்ளும். ஆனால், அறிவுள்ள குழந்தைக்குக் கற்பனையும் அதிகம். நீங்கள் ஒரு வார்த்தையில் படைத்த பூச்சாண்டிக்கு அது கண், பல், நகம் எல்லாம் வைத்துவிடும். நாளைக்கு இருட்டைப் பார்த்தே பயப்படும். அதைவிடப் பெரிய நஷ்டம், ஏழு வயதில் பூச்சாண்டி இல்லை என்று தெரியவரும்போது, அம்மா சொன்ன மற்றதெல்லாம் நிஜம்தானா என்ற சந்தேகமும் கூடவே வரும்.

'அம்மாவுக்கு ரொம்ப அசதியா இருக்கு. இனிமே நான் பேசப்போறது இல்லை. நீ படுத்துக்கோ, நான் பக்கத்து ரூம்லதான் இருக்கேன்' என்று உண்மையைச் சொல்வதில் என்ன கஷ்டம்? அம்மாவும் அசதியாகிற ஒரு மனுஷி என்று நாலு வயதில் தெரிந்துகொள்கிற பிள்ளை, இருபத்தைந்து வயதில் மனைவியிடம் ஒழுங்காக நடந்துகொள்வான்.

நியாயமான ஒரு ஆட்சேபம் உண்டு. 'காரணம் சொல்ல ஆரம்பித்தால் அதுக்கு ஒரு கேள்வி கேட்கும், விடிய விடியப் பட்டிமன்றம்தான்!' வாஸ்தவம். அதனால், காரணத்தைப் பகலில் சொல்லுங்கள். ராத்திரியில் தீர்ப்பு மட்டும்தான், வாதம் கிடையாது.

கேள்விகளை என்ன செய்வது? அமெரிக்காவில் பேட்ரிக் ஃப்ரிமன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1999-ல் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். படுக்கப்போகும்போது குழந்தை கையில் ஒரே ஒரு அட்டை. அதைக் கொடுத்து ஒரே ஒரு தடவை எழுந்து வரலாம். தண்ணீரோ, ஒரு முத்தமோ, எதற்காகவும் இருக்கலாம். அட்டை தீர்ந்தால் தீர்ந்ததுதான். மூன்று வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பையன்களிடம் செய்து பார்த்தார்கள். எழுந்து வருவதும் அழுவதும் நின்றுபோயின. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. எல்லையில்லாமல் கிடைப்பதை வீணடிக்கிற மனசு, ரேஷனில் கிடைப்பதை யோசித்துச் செலவு செய்யும். அதோடு, 'நீ கூப்பிட்டால் ஒரு தடவை கட்டாயம் வருவேன்' என்ற வாக்குறுதியும் அந்த அட்டையில் இருக்கிறது.

கேள்விக்கும் அப்படி ஒரு நோட்டு வையுங்கள். ராத்திரி கேட்டதை எழுதிவைத்து, காலையில் பதில். ஆனால், ஒன்று... காலையில் பதில் சொல்லியே தீரவேண்டும். சொல்லாவிட்டால் அதுவும் பூச்சாண்டி கணக்கில்தான் சேரும்.

காலை வரைக்கும் தள்ளிப்போட முடியாத கேள்விகளும் உண்டு. அந்த வங்கி நண்பர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மகளிடம் சொன்னாராம்: ''நீ தூங்கும்போது நீ இருக்கேன்னு உனக்குத் தெரியாது. ஆனா, எனக்குத் தெரியும்டா.'' அவள் அதை ஏற்றுக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள். தத்துவக் கேள்வி மாதிரி வந்தாலும், அதற்குள் இருந்தது பயம். அறிவாளிக் குழந்தை பயத்தைக்கூட அறிவாகத்தான் கேட்கும்.

தூக்கம் என்பது குழந்தைக்கு ஒரு பிரிவு. நாள் முழுக்கத் தேடிய அம்மா, அப்பாவை விட்டுவிட்டு இருட்டுக்குள் தனியாகப் போக வேண்டும். தன்னை முழுக்க நம் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டுத்தான் அது கண்ணை மூடுகிறது. அந்த நேரத்தில் முதுகில் ஒன்று வைத்து, விசும்ப விசும்பத் தூங்கவைத்த ராத்திரிகள் பல வீடுகளில் உண்டு. கன்னத்தில் கண்ணீர்க்கோடு காய்ந்திருக்க, அது தூங்குகிற முகத்தைப் பார்த்து நாம் விழித்துக்கொண்டிருப்போம். அந்தத் தண்டனைக்கு நமக்கு அப்பீல் கிடையாது.

நாளைக் காலை ஏழு மணிக்கு ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடிக்கும். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் அவசரத்திலும், ஷூ லேஸ் கட்டிவிடுகிற அந்த ஒரு நிமிடத்தில், நேற்றைய கேள்விக்கு மறக்காமல் பதில் சொல்லிவிடுங்கள். நாளை ராத்திரி நீங்கள் சொல்லப்போவதை அது நம்ப வேண்டும் அல்லவா?