சத்தம் பிந்தலாம், முந்தக்கூடாது

ஆலங்குளத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல. விருதுநகர் மாவட்டத்தில் அரசு சிமெண்ட் ஆலை இருக்கிறதே, அந்த ஊர்.) அம்மா தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில் சேர்த்த பணத்தில் கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டதாம். பாட்டுக்கு மெட்டும் போட வேண்டும், குறும்படங்களுக்கு சவுண்டும் பண்ணித் தர வேண்டும். 'எந்த சாஃப்ட்வேர் சிறந்தது?' என்பது கேள்வி. பின்குறிப்பாக, 'கிராக் வெர்ஷன் தப்பா சார்?'

முதல் கேள்வி தொழில்நுட்பம் போலத் தெரியும். இல்லை. 'எது சிறந்தது?' என்பதற்குப் பதிலே கிடையாது. 'எதற்கு?' என்று கேட்டால்தான் உண்டு.

மெட்டுப் போடுகிறவருக்கான சாஃப்ட்வேரில், திரையின் மேலே ஓடும் அளவுகோல் தாளக்கணக்கு. க்யூபேஸ் (1989), லாஜிக் எல்லாம் இந்த ஜாதி. 1983-ல் வந்த மிடி என்ற ஏற்பாடுதான் அடித்தளம். மிடியில் சத்தமே கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தி, எத்தனை நேரம் என்ற குறிப்பு மட்டும்தான். அதனால் ராத்திரி வாசித்த வீணையைக் காலையில் புல்லாங்குழலாக்கலாம். ஒரு சுரத்தைத் தள்ளி வைக்கலாம். யாரும் கேட்க முடியாது. நீங்கள்தான் ராஜா.

போஸ்ட் புரொடக்‌ஷனில் அளவுகோலே வேறு. மணி, நிமிடம், விநாடி, ஃப்ரேம். சினிமாவில் விநாடிக்கு 24 ஃப்ரேம். கதாநாயகி எந்த ஃப்ரேமில் கதவைச் சாத்துகிறாளோ அந்த ஃப்ரேமில் 'டப்' விழ வேண்டும். அவளைக் கொஞ்சம் தாமதமாகச் சாத்தச் சொல்ல முடியாது. படப்பிடிப்பு முடிந்துவிட்டது. 1991-ல் வந்த புரோ டூல்ஸ் சினிமா ஒலிக்கூடங்களில் கோலோச்சுவது இந்த வெட்டி ஒட்டும் வேலையால்தான். க்யூபேஸ் விற்கிற ஸ்டைன்பெர்க் கம்பெனியே நுவெண்டோ என்று இன்னொன்றும் விற்கிறது. உள்ளே பெரும்பாலும் ஒரே சரக்கு. டப்பிங், படத்தோடு ஒட்டுதல் போன்ற வசதிகள் கூடுதல், விலையும் கூடுதல்.

சத்தம் எவ்வளவு தள்ளிப் போனால் ரசிகருக்குத் தெரியும்? ஒளிபரப்புத் துறையின் சர்வதேசக் கணக்கு ஒன்று இருக்கிறது. சத்தம் படத்தைவிட 45 மில்லி விநாடி முந்தினாலே உறுத்த ஆரம்பிக்கும். பிந்தினால் 125 வரை தெரியாது. ஏன் இந்த ஓரவஞ்சனை? சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தூரத்து வாணம் முதலில் பூக்கும், பிறகுதான் வெடிக்கும். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் நடக்கிறது. பிந்திய சத்தத்துக்கு நம் காது பிறந்ததிலிருந்தே பழக்கப்பட்டது. முந்திய சத்தம் உலகத்திலேயே கிடையாது.

போஸ்ட் புரொடக்‌ஷன்காரரின் தர்மமும் இதுதான் என்று தோன்றுகிறது. காட்சிக்கு முன்னால் போய் நிற்காதே. இருக்கிறேன் என்று காட்டிக்கொள்ளாதே.

இது தாழ்வா? நம் ஊரில் 'மியூசிக் டைரக்டர்' என்றால் பெண் கொடுப்பார்கள், 'சவுண்ட் இன்ஜினீயர்' என்றால் மைக்செட்டா என்று கேட்பார்கள். ரஹ்மான் பாடல்களை நாம் துல்லியமாகக் கேட்டதற்கு 2008-ல் மறைந்த ஹெச். ஸ்ரீதர் பெரிய காரணம். 'தில் சே', 'லகான்' இரண்டுக்கும் ஒலிப்பதிவுக்காகத் தேசிய விருது வாங்கியவர். தெருவில் எத்தனை பேருக்கு அவர் முகம் தெரிந்திருக்கும்? 2009 ஆஸ்கரில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்கு ரஹ்மான் இரண்டு விருது வாங்கிய அதே இரவில், ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டியும் இரண்டு பிரிட்டிஷ்காரர்களோடு சேர்ந்து வாங்கினார். அன்று ஒரே மேடை. மற்ற நாட்களில் ஒருவர் பெயருக்குத்தான் விசில்.

எனவே சாஃப்ட்வேர் வாங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பர் எடுத்த இரண்டு நிமிடப் படத்துக்கு நீங்களே இசை போடுங்கள். மிகவும் பிடித்த இடத்தை, 'காட்சிக்கு வேண்டாம்' என்று எடுத்துவிடுங்கள். மனசு வலிக்காமல், 'இப்பத்தான் படம் நல்லாருக்கு' என்று தோன்றினால் நீங்கள் போஸ்ட் புரொடக்‌ஷனுக்குப் பிறந்தவர். இரண்டு நாள் தூக்கம் வரவில்லையென்றால் மெட்டுக் கட்டப் போங்கள். இரண்டும் நல்ல பிழைப்பு. ஒன்றின் ஆசையோடு இன்னொன்றைச் செய்வதுதான் கஷ்டம். அடுத்தவர் படத்தில் தன் கச்சேரியை நுழைக்கிற ஆட்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

பின்குறிப்புக்கு வருவோம். 'பெரிய ஸ்டூடியோவே கிராக்தான் வைத்திருக்கிறது, ஏழை நான் ஏன் காசு கொடுக்கணும்?' என்ற வாதத்தில் ஏழ்மை உண்மை, நியாயம் இல்லை. நாளைக்கு உங்கள் பாட்டை ஒருவர் இதே காரணம் சொல்லி இலவசமாக எடுத்துக்கொண்டால், பதில் பேச உங்களுக்கு வாய் இருக்காது. சாஃப்ட்வேரும் யாரோ ஒருவர் கண் விழித்துப் போட்ட மெட்டுதான்.

வழி இல்லாமலும் இல்லை. 2006-ல் வந்த ரீப்பர் 60 நாள் முழுதாக இலவசம். பிறகு சின்ன வருமானக்காரர்களுக்கு 60 டாலர். இரண்டு வேலைக்கும் போதும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே ஃபேர்லைட் என்ற ஒலிப் பகுதி இருக்கிறது. ஃபேர்லைட் என்பது 1979-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தபோது ஓர் இசைக்கருவியின் பெயர். இன்று படத்துக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருக்கிறது.

கருவியே வேலை மாறலாம் என்றால், உங்களுக்கும் அவசரமில்லை. கம்ப்யூட்டர் அம்மா காசில் வந்தது. சாஃப்ட்வேராவது உங்கள் முதல் சம்பளத்தில் வரட்டும்.