களையென்று பெயரிடுவது

ரெக்சாசுக்கும் லூசியானாவுக்கும் இடையில் கிடக்கிறது கடோ ஏரி. ஏறத்தாழ 25,000 ஏக்கர் பரப்பு. நீருக்குள்ளேயே வேரூன்றி நிற்கும் சைப்பிரஸ் மரங்கள். 2006இல் இந்த ஏரியில் சல்வீனியாவைக் கண்டார்கள். மிதக்கும் பன்னம் அது. வெக்கை நாட்களில் ஒரு வாரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகும். மேலே படர்ந்து மூடிவிட்டால் கீழே வெளிச்சமில்லை, பிராணவாயு இல்லை, மீனுமில்லை. கரையோரத்து மக்கள் ஏரிக்குக் குறுக்கே வலைவேலி கட்டினார்கள். அதையும் தாண்டிப் போயிற்று.

இந்தப் பூண்டு எமக்குப் புதிதல்ல. 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்பிப்பதற்கென்று கொண்டுவந்தது வெளியே தப்பி, எமது நாட்டு வயல்களையும் குளங்களையும் மூடியது. முளைக்கும் விதை அதற்கில்லை. ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் செடியாகும், அவ்வளவுதான். ஆகவே கடலைத் தானாக அது கடக்கவில்லை. மனிதரே காவிச் சென்றார்கள். பாடத்துக்காக, கண்ணாடித் தொட்டிக்காக, முற்றத்துக் குளத்து அழகுக்காக.

நெடுங்காலம் இதை வேறொரு இனமென்றே நினைத்திருந்தார்கள். அந்த இனத்தைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்துவந்து விட்டுப் பார்த்து ஏமாந்தார்கள். 1972இல்தான் தனி இனமென்று கண்டு 'மொலெஸ்ரா', அதாவது தொல்லை தருவது, என்று பெயரிட்டார்கள். 1978இல் அதன் பூர்வீகம் தென்கிழக்குப் பிரேசில் என்று தெரிந்தது. அங்கே அதைத் தின்றே வாழும் சிறு கூன்வண்டு ஒன்று உண்டு. 1980இல் அந்த வண்டை அவுஸ்திரேலியாவின் மூண்டரா ஏரியில் விட்டார்கள். அடுத்த ஆண்டே நீர் தெளிந்தது. இலங்கையிலும் 1986இல் விட்டார்கள். கடோக் கரையில் இன்று பசுங்குடில் கட்டி அந்த வண்டையே வளர்க்கிறார்கள். கடுங்குளிரில் அது செத்துப்போகிறது. மறுபடி வளர்த்து மறுபடி விடுகிறார்கள். (வந்தேறியை அடக்கவும் ஒரு வந்தேறிதான் தேவைப்பட்டது.)

பிரேசிலில் எவரையும் பெரிதாக வருத்தாத செடி இது. அப்படியானால் களைத்தன்மை செடிக்குள் இல்லை. அது போய்ச் சேர்ந்த இடத்துக்கும் அதற்கும் இடையிலான உறவில் இருக்கிறது.

'அந்நியம்', 'படையெடுப்பு', 'ஒழிப்பு' என்ற சொற்களைக் கேட்டதும் எம்மவர் சிலருக்கு உடம்பு கூசுகிறது. எம்மைப் பற்றியும் இதே சொற்கள்தானே என்கிறார்கள். கூச்சம் நியாயமானது. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவோடு, செடியைப் பிடுங்குவதும் அகதியைத் துரத்துவதும் ஒரே மனம்தான் என்பதோடு, எமக்கு உடன்பாடில்லை. ஏரி மூச்சுத் திணறுவது கவிதை உவமையல்ல. மீன் உண்மையிலேயே சாகிறது.

முதலில் வந்தவர் யார் என்ற வழக்கும் அந்தக் கரையில் செல்லாது. ஏரிக்குப் பெயர் தந்த கடோ மக்கள் 1835இல் லூசியானா நிலங்களை ஒப்பந்தம் என்ற பேரில் இழந்தார்கள். 1859இல் ரெக்சாசிலிருந்தும் வெளியேற்றப்பட்டு இன்றைய ஒக்லஹோமாவுக்குப் போனார்கள். இன்று ஏரியைக் காப்பவரில் பெரும்பாலோர் அதற்குப் பின் வந்தவர்களின் வழியினரே. அதனால் அவர்கள் காப்பது பிழையாகிவிடுமா? ஆகாது. வந்த காலத்தைக் கொண்டு உரிமை பேசுவதைத்தான் அவர்களும் விடவேண்டும், நாமும் விடவேண்டும். கேட்கத்தக்க கேள்வி ஒன்றுதான்: இது இங்கே மற்ற உயிர்களுக்கு என்ன செய்கிறது?

அதையும் பெயரைப் பார்த்துக் கேட்கக்கூடாது, ஒவ்வொன்றாய்ப் பார்த்துக் கேட்கவேண்டும். கங்குன் கீரை அமெரிக்காவின் தீங்குக்களைப் பட்டியலில் இருக்கிறது. ஹூஸ்ரனுக்குத் தெற்கே ரோஷாரோனில் கம்போடிய அகதிகள் அதைப் பயிரிட்டே பிழைக்கிறார்கள். 2000களில் அதிகாரிகள் தடையென்று வந்தபோது அவர்கள் முறையிட்டார்கள், வாதாடினார்கள். கடைசியில் உரிமம் பெற்றுப் பயிரிடலாம் என்றாயிற்று. சல்வீனியாவை வைத்திருப்பது ரெக்சாசில் குற்றம். கங்குனை உள்ளியும் செத்தல் மிளகாயும் போட்டு நாம் குசினியில் தாளிக்கிறோம். இரண்டும் அந்நியச் செடிகள்தான், இரண்டும் பட்டியலில் இருப்பவைதான். வித்தியாசத்தைச் சொன்னவர்கள் அதைப் பயிரிட்ட விவசாயிகள். அவர்கள் வாய் திறந்திராவிட்டால் சட்டம் தானாக அதைக் கண்டுபிடித்திருக்கும் என்று நாம் நம்பவில்லை.