பணியின் எல்லையும் பயனும்: கச்சிக் கற்றளியும் பூசலார் கோயிலும்

ஒரு பணிக்குள் எது அடங்கும், எது அடங்காது என்று வரையறுப்பதும், அதன் உறுப்புகள் யாவும் அப்பணி எதற்காக மேற்கொள்ளப்பட்டதோ அந்த நோக்கத்துக்கு இயைந்து நிற்கின்றனவா என்று பார்ப்பதும் இக்காலத் திட்ட மேலாண்மைக்கே உரிய கவலைகள்போலத் தோன்றினாலும், வேள்வியையும் கோயிலையும் பற்றி எண்ணிய இந்தியச் சிந்தனை மரபு இவற்றை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறது. காஞ்சிபுரத்தில் அந்த ஆராய்ச்சிக்கான பொருள் கல்லிலும் காப்பியத்திலும் ஒருங்கே கிடைக்கிறது.

எந்தச் சடங்கும் சங்கற்பத்தோடு தொடங்குகிறது. காலம், இடம், செய்பவர், செய்யப்படுவது, அதன் பயன் ஆகிய ஐந்தையும் முன்கூட்டியே சொல்லித் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் உறுதிமொழியே சங்கற்பம். தறியில் பாவு ஏறும்போதே சேலையின் நீளமும் கரையின் அகலமும் முடிவாகிவிடுவதுபோல, அதன்பின் செய்பவருக்கு எஞ்சும் உரிமை சிறிது. வேதச் சடங்குகளின் பொருளை ஆராயும் மீமாம்சை இதற்கும் அப்பால் சென்று, வேள்வி நிறைவேறுவதற்காக உள்ளவற்றைக் கிரத்வர்த்தம் என்றும், வேள்வி செய்பவனுடைய விருப்பத்துக்காக உள்ளவற்றைப் புருஷார்த்தம் என்றும் பிரித்தது. வேள்விக்கு நீர் கொண்டுவருவது கிரத்வர்த்தம். ஆனால் ஆநிரையை விரும்புகிறவன் வழக்கமான கிண்ணத்தை விட்டுப் பால்கறக்கும் கலத்தில் அந்நீரைக் கொண்டுவரலாம் என்னும் விதியில், அந்தக் கலம் புருஷார்த்தமாகிறது. செயல் ஒன்றே எனினும் அதற்குள் இரண்டு நோக்கங்கள் அருகருகே இருக்கக்கூடும் என்பதை இதைவிடத் துல்லியமாக விளக்கும் எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. தனக்கென்று இன்றிப் பிறிதொன்றுக்காகவே இருப்பதைச் ‘சேஷம்’ என்றும், எதற்காக அது இருக்கிறதோ அதைச் ‘சேஷி’ என்றும் அந்நூலார் வழங்கினர். காஞ்சியில் கல்வி கற்ற இராமாநுசர் இவ்வுறவை வேள்வியிலிருந்து உயர்த்தி, உயிர் சேஷம், இறைவன் சேஷி என்று நிலைநாட்டினார். அதே ஊரின் தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர், கடவுளுக்கு இடமில்லாத மீமாம்சைக்குள் இறைவனைச் சேர்த்துச் ‘சேச்வர மீமாம்சை’ இயற்றினார்.

இந்தப் பாகுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிவனடியார் பூசலாரின் வரலாற்றைப் படித்தால் அது வேறொன்றாகத் தெரிகிறது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தின்படி, கச்சி எனப்படும் காஞ்சியில் காடவர் கோமானாகிய பல்லவ அரசன் ஒரு கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தபோது, இறைவன் அவன் கனவில் தோன்றி, அந்நாளில் தாம் திருநின்றவூரில் பூசல் அமைத்த ஆலயத்துள் புகவிருப்பதால், அரசன் தன் பணியை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்றார். அரசன் அங்கே சென்று தேடியபோது கோயில் எதுவும் இல்லை. பொருள் தேடிக் கிடைக்காத பூசலார் அதனை மனத்திலேயே எடுத்திருந்தார். அக்கற்றளியை 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலாக ஆய்வாளர் பலர் கொள்வர்.

கல்லைவிட மனம் உயர்ந்தது என்பதே இக்கதையின் பொருள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது போதாது. பூசலார் எதையும் சுருக்கவில்லை: மனத்தில் நிதி திரட்டி, தச்சரையும் சாதனங்களையும் தேடி, நல்ல நாளில் அடிநிலை இட்டு, இரவிலும் கண்துயிலாமல் விமானத்தைச் சிகரம்வரை உயர்த்தி, சுதை பூசி, கிணறும் மதிலும் குளமும் அமைத்த பின்னரே அவர் நாள் குறித்தார். மனக்கோயில்தானே, கிணறு எதற்கு என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பணியின் எல்லையை ஆகமம் வகுத்தது, கையிருப்பு வகுக்கவில்லை. இறைவனும் அரசனின் கோயிலை மறுக்கவில்லை, அதன் நாளை மட்டுமே மாற்றினார். ஆகவே இங்கே தீர்ப்பு கல்லுக்கும் மனத்துக்கும் இடையே அன்று. எது சேஷம், எது சேஷி என்ற வரிசையைப் பற்றியது. திட்டம் தன் நாட்குறிப்பையே முதன்மையாகக் கருதினால் சேஷம் சேஷியின் இருக்கையில் அமர்ந்துவிடும். அரசன் தேதியை விட்டுக்கொடுத்துத் திருநின்றவூருக்குச் சென்றதுதான் அவன் கட்டுமானத்தை வழிபாடாக்கியது என்று கொள்ள இடமுண்டு.

கைலாசநாதர் கோயிலிலேயே இரு நோக்கங்களும் கலந்து கிடக்கின்றன. திருச்சுற்றைச் சூழ்ந்த 58 சிற்றாலயங்களும், இராசசிம்மனின் மகன் மூன்றாம் மகேந்திரவர்மன் முன்புறம் எடுத்த ஆலயமும் வழிபாட்டுக்கு உறுப்பாகப் பொருந்துகின்றன. ஆனால் அச்சிற்றாலயங்களில் பொறிக்கப்பட்ட இராசசிம்மனின் 200க்கும் மேற்பட்ட விருதுப்பெயர்கள் இல்லாமலும் வழிபாடு குறைவின்றி நடந்திருக்கும். அவை பால்கறக்கும் கலத்தைப் போன்ற புருஷார்த்தமே. பிற்காலத்தில் பல்லவரின் பழம்பகைவரான சாளுக்கியர் குலத்து இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றி, இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கவராமல் இறைவனுக்கே திருப்பி அளித்ததை இங்குள்ள தூணொன்றில் கன்னடக் கல்வெட்டாகப் பொறிக்கச் செய்தான். கட்டியவனின் பெயர்கள் சுற்றிலும் நிறைந்திருந்த இடத்தில் வென்றவன் அச்செல்வத்தைப் பல்லவனுடையதாக எண்ணாமல் கோயிலுடையதாகவே கணக்கிட்டான். தன் செயலையும் அங்கேயே எழுதி வைத்ததில் அவனுடைய புருஷார்த்தமும் சிறிது கலந்திருந்தது என்பது வேறு.