பொம்மை மீளும், பருவம் மீளுமோ?

1977 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'ஸ்டார் வார்ஸ்' என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதன் பாத்திரங்களைப் பொம்மைகளாக்கும் உரிமை பெற்ற கென்னர் நிறுவனத்தால் அவ்வாண்டுக் கிறிஸ்துமஸுக்குள் அவற்றைச் செய்து முடிக்க இயலவில்லை. ஆகவே, பொம்மையைப் பின்னர் அனுப்புவதாக உறுதி கூறும் சீட்டு அடங்கிய அட்டை உறையையே விற்றனர். மறு ஆண்டில் நான்கு பொம்மைகள் வந்து சேர்ந்தன. ஏறத்தாழ மூன்றே முக்கால் அங்குல அளவு. பெரும்பாலானவற்றிற்குத் தலை, இரு கைகள், இரு கால்கள் என ஐந்தே அசைவுகள். எனினும் குழந்தைகள் அகமகிழ்ந்தனர்.

அக்குழந்தைகள் இன்று நடுவயதைக் கடந்தவர்கள். அவர்களை எண்ணியே பழைய பாணியில் புதிய பொம்மைகள் வார்க்கப்படுகின்றன. 1979 இல் 'ஏலியன்' படத்திற்கெனக் கென்னர் திட்டமிட்டு, வெளியிடாது விட்ட சிறு பொம்மைகளைக்கூட 2013 இல் சூப்பர்7 என்னும் நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. ஆயினும் இத்தகைய பொம்மைகளை ஆவலோடு வாங்கிச் சேர்ப்போருள் பலர் மனம் நோகின்றனர். முகம் நடிகரை ஒத்திலது, கைகால் மடங்கவில்லை, விலைக்கேற்ற வேலைப்பாடில்லை என்பன அவர்தம் குறைகள். பழைய பொம்மைகளிலும் இக்குறைகள் இருந்தனவே! அன்று தோன்றாத குறை இன்று தோன்றுவானேன்?

விற்பவர் மீது குற்றமுண்டா என முதலில் ஆராய்வோம். போலியை மெய்ப்பொருளென விற்றலைக் கள்ளாமை என்னும் அணுவிரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் வைக்கிறது. புதிய வார்ப்பைப் பழம்பொருள் எனக் கூறி விற்பவர் இக்குற்றத்திற்கு உரியவரே. புதியதைப் புதியதென்றே உரைத்து விற்பவர்மீது இக்குற்றம் சாராது. வேலைப்பாட்டில் குறையிருப்பின் அதனை எடுத்துரைப்பதும் முறையே. ஆனால் நாம் காணும் மனவருத்தம் அக்குறையின் அளவோடு நிற்பதில்லை.

ஒவ்வொரு பொருளும் தோன்றல், அழிதல், நிலைத்தல் என்னும் மூன்றும் உடையது என்பது ஜினாகமம். ஆன்மா நிலைத்திருப்பினும் அதன் பரியாயங்கள் கணந்தோறும் மாறுகின்றன. அன்று மகிழ்ந்தது பத்து வயதுப் பரியாயம், அது கழிந்துவிட்டது. அச்சிலிட்டுப் பொம்மையை மீண்டும் வார்க்கலாம்; கழிந்த பரியாயத்தை வார்க்கும் அச்சு எவரிடம் உண்டு? விரும்பியதன் பிரிவை எண்ணி எண்ணி வருந்துதல் ஆர்த்தத்தியானம். பொருளிடத்துக் கொள்ளும் மூர்ச்சையே பரிக்கிரகம் எனப் பெரியோர் வரையறுத்ததன் நுட்பம் இங்கே விளங்கும். கைக்கு எட்டாத ஒரு பருவத்தையும் பற்றுடைமையாக்கிக்கொள்ள உயிரால் இயலும்!

இவர்களைக் கண்டு நாம் நகைத்தல் தகாது. இளமையில் அன்னையார் அளித்த உணவின் சுவையை இன்று காணோம் என மருமகளைக் குறைகூறும் முதியோர் நம் இல்லங்களிலும் உளர். மாறியது நாவும் வயதும். பழியோ அடுக்களையில் உழைக்கும் பெண்ணுக்கு! சென்ற காலத்தின் மீதுள்ள பற்று, இன்று எதிரே நிற்கும் உயிரை வருத்துமானால், அது இம்சையாகவும் ஆகிறது.

பழையதை நினைத்தல் குற்றமன்று. அது மீளவேண்டும் என்னும் பிடிவாதமே துன்பம். இல்லறத்தார் பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்வது போல் நினைவேக்கத்திற்கும் ஓர் அளவு வகுத்தல் நலம். உறை பிரிக்காது பூட்டிவைத்த பொம்மையை ஒரு குழந்தையின் கையிற் கொடுத்துப் பாருங்கள். அக்குழந்தைக்கு அந்த ஐந்து அசைவுகளே போதும்.

அறம் வளர்க!